மேடையில் நிற்பவர் காதில் என்ன கேட்கிறது: ஒரு மறுவருகைப் பாட்டின் ஒலிப்பதிவுக் குறிப்புகள்

புகழ் ஒரு மாயை என்று சொல்லும் பாட்டை ஒலிப்பதிவு செய்யப் போனால் ஒரு சங்கடம் உடனே முளைக்கிறது. அந்த மாயையை உண்டாக்கும் சாமான்கள் அத்தனையும் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் இருக்கின்றன. விலகிய சுருதியை இழுத்து நிறுத்தும் மென்பொருள், ஒரு குரலை நாலாக்கும் டபுளிங், சின்ன அறையை மைதானமாக்கும் ரீவெர்ப், இல்லாத கூட்டத்தைக் கைதட்ட வைக்கும் ஒலித்தொகுப்பு. இவற்றை வழக்கம்போல் பூசிவிட்டு, வரியில் மட்டும் "அத்தனையும் பொய்" என்று பாடினால் கேட்பவர் வரியை நம்ப மாட்டார். காது ஒலியைத்தான் நம்பும்.

பாடியவர் ஒரு பாடகி; ஒரு காலத்தில் பாப் இசையில் உச்சத்தில் இருந்தவர். பல வருடங்கள் ஒதுங்கியிருந்துவிட்டு, இப்போது ஒரே ஒரு பாட்டோடு திரும்பி வருகிறார். அவர் பெயரையும் பாட்டின் தலைப்பையும் இங்கே எழுதவில்லை. இது வேலையைப் பற்றிய பதிவு. இசைச் சேர்ப்பு, ஒலிப்பதிவு, மிக்சிங் மூன்றும் என் பொறுப்பில் இருந்தன. வரிகளுக்கும் மெட்டுக்கும் அவரோடு கூட உட்கார்ந்தேன்.

முதல் வரைவில் கானல்நீர் இருந்தது. முகமூடி இருந்தது. கண்ணாடி மாளிகை, உதிர்ந்த நட்சத்திரம், அணைந்த விளக்கு எல்லாம் வரிசையாக வந்தன. சந்தத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேடையே ஏறாத ஒருவர்கூட அந்த வரிகளை எழுதிவிடலாம். பல்லாயிரம் பேருக்கு முன்னால் நின்றவர் எழுதிய பாட்டு என்பதற்கு அதில் அடையாளமே இல்லை. அதனால் மெட்டை ஓரமாக வைத்துவிட்டு அவரிடம் மூன்று விஷயம் மட்டும் கேட்டேன். உச்சத்தில் இருந்த காலத்தில் மேடை நடுவில் நிற்கும்போது கண்ணுக்கு என்ன தெரிந்தது, காலடியில் என்ன இருந்தது, காதில் என்ன கேட்டது?

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. ஃபாலோ லைட் நேரா மூஞ்சில அடிக்கும். முதல் ரெண்டு வரிசை தெரியும். அதுக்குப் பின்னாடி கருப்பு. அந்தக் கருப்பைப் பார்த்துதான் கையசைப்பேன்."

காலடியில் டேப் குறிகள். எந்தப் பாட்டுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் வண்ண வண்ணமாக ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு தாள், அதில் பாட்டு வரிசை. தாளின் தலையில் தடித்த எழுத்தில் அன்றைக்கு அவர் இருக்கும் ஊரின் பெயர். நாளுக்கு ஓர் ஊர் என்று சுற்றுகிறவர்கள் பலரும் கையாளும் ஏற்பாடு இது. ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் அந்த இரவு போய்விடும். அவர் அந்தத் தாளைக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, பெயரைச் சொல்வார். அரங்கம் அதிரும்.

இதைச் சொல்லி முடித்ததும் கானல்நீரையும் முகமூடியையும் எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். முதல் சரணம் இப்படி மாறியது:

"கீழே ஒட்டிய தாளைப் பார்த்தேன்
உங்க ஊர்ப் பேரைச் சொன்னேன்
நீங்க எழுந்து நின்னீங்க
நான் அடுத்த வரியைப் பார்த்தேன்"

பல்லவி:

"யாரைப் பார்த்துக் கையசைச்சேன்
வெளிச்சம்தானே எதிரில் நின்னது
யாரு பேரைக் கூப்பிட்டீங்க
சுவரில் இருந்த முகம்தானே அது"

பாட்டுக்கு இதற்கு மேல் தத்துவம் தேவைப்படவில்லை. பார்த்ததை மட்டும் சொல்வது, விளக்காமல் விடுவது என்று முடிவு செய்துகொண்டோம். இரண்டாம் சரணத்தில் ஓர் உவமை எட்டிப் பார்த்தது, அதையும் வெட்டினோம்.

மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் பாட்டின் ஒலியை முழுவதுமாகத் தீர்மானித்தது. அதற்குப் போகும் முன் சுருதி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மெட்டு ஏ மைனரில், ஆறு கட்டையில், பிறந்தது. அவருடைய பழைய வெற்றிப் பாட்டுகள் அந்த உயரத்தில்தான் இருந்தன என்பதால் கை தானாக அங்கே போனது. பல்லவியின் உச்சம் மேல் ஈ, அதாவது 659 ஹெர்ட்ஸ். அவரால் எட்ட முடிந்தது, ஆனால் எட்டுவது கேட்டது. வயது கூடும்போது குரல் நாண்களின் இளக்கம் குறைகிறது, உலர்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு பேச்சுக் குரலின் சுருதியே இறங்கி, மேல் எல்லையும் சுருங்குவது வழக்கம். மறுவருகைப் பாட்டுகளில் பலர் செய்வது பழைய சுருதியையே பிடித்துக்கொண்டு, "இன்னும் என்னால் முடியும்" என்று காட்டுவது. வேறொரு பாட்டாக இருந்தால் நானும் அதைக் கேட்டிருப்பேன். இந்தப் பாட்டில் அது வரிக்கே எதிராகப் போகும்.

அரைச் சுரம் அரைச் சுரமாக இறக்கிப் பாட வைத்தேன். எஃப் ஷார்ப் மைனரில், நாலரைக் கட்டையில், குரல் உட்கார்ந்தது. உச்சம் இப்போது சி ஷார்ப், 554 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் அவருடைய மார்புக்குரலின் கனம் இன்னும் மிச்சம் இருக்கிறது. கிட்டாரில் திறந்த கம்பிகளின் ஓசை போய்விடக் கூடாது என்பதற்காக 2-ஆவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி ஈ மைனர் வடிவங்களை வாசிக்கச் சொன்னேன். வேகம் நிமிடத்துக்கு 76 அடி. கூட்டி 84-இல் வைத்துப் பார்த்தபோது சோகம் குறைந்து துள்ளல் வந்தது. துள்ளலும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் "நான் அடுத்த வரியைப் பார்த்தேன்" என்ற வரிக்குப் பிறகு மூச்சுவிட இடமில்லை.

குரல் பதிவுக்கு, நுண்ணொலியையும் பிடிக்கும் பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் ஒன்றையும் ஷூர் எஸ்.எம். 7பி டைனமிக் மைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கண்டென்சர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. உதடு ஒட்டிப் பிரிவது, மூச்சின் உலர்வு, "ச" ஒலியின் கூர்மை எல்லாமே முன்னால் வந்து நின்றன. உண்மையைச் சொல்லும் பாட்டுக்கு அதுதானே பொருத்தம் என்று தோன்றலாம். கேட்டபோது அப்படி இல்லை. அந்தத் துல்லியமே ஒரு பளபளப்பாக, விளம்பரத்தில் பேசும் குரல் மாதிரி இருந்தது. எஸ்.எம். 7பி அந்த மேல் பளபளப்பைத் தராது. குரல் ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து பேசும் அளவில் நின்றது. 1982-இல் வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் த்ரில்லர் ஆல்பத்தில் ஒலிப்பதிவாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் இதே குடும்பத்தின் பழைய மாடலான எஸ்.எம். 7-ஐத்தான் அவர் குரலுக்குப் பயன்படுத்தினார். உலகம் கண்ட பெரிய புகழ்களில் ஒன்று வானொலி நிலையத்துக்கு ஏற்ற இந்தச் சாதாரண மைக் வழியாகப் போயிருக்கிறது.

இந்த மைக்கின் சிக்கல் அதன் வெளியீடு மிகக் குறைவு என்பது. மென்மையாகப் பாடுபவருக்கு 60 டெசிபல் அளவுக்கு கெயின், அதாவது ஒலிப்பெருக்கம், வேண்டும். அதைத் தரும் ப்ரீஆம்ப் சுத்தமாக இல்லையென்றால் இரைச்சல் மேலே வரும். மைக்குக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவில் ஓர் இன்லைன் பூஸ்டர் வைத்தோம். வாயிலிருந்து மைக் ஒரு சாண் தூரத்துக்குள். அதைவிட நெருங்கினால் அண்மை விளைவால் கீழ்ச்சுரங்கள் வீங்கி, கிசுகிசுப்பு நாடகமாகிவிடுகிறது.

சுருதித் திருத்தம் பற்றி எங்களுக்குள் நிறையப் பேச்சு நடந்தது. இரண்டாம் சரணத்தில் ஒரு நீண்ட சுரம் முடிவில் 20 சென்ட் அளவுக்கு இறங்குகிறது. நூறு சென்ட் சேர்ந்தால்தான் ஓர் அரைச் சுரம் என்பதால் இது பெரிய விலகல் இல்லை, ஆனால் கேட்கும். ஹெட்ஃபோனில் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"இதைச் சரி பண்ணிடுப்பா. பழைய ஆளுங்க கேட்டா என்ன நினைப்பாங்க?"

"அவங்க நினைக்கப் போறதைப் பத்தித்தானேக்கா பாட்டே. கண்ணை மூடிட்டு ஒரு தடவை கேளுங்க. சுருதி இறங்குற இடத்துல வார்த்தை என்னன்னு பாருங்க."

வார்த்தை "போனது". அவர் திரும்பக் கேட்டார். விட்டுவிடச் சொன்னார். பிறகு ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் அவருடைய குரலின் அசைவை, அதாவது வைப்ராட்டோவை, அளந்து பார்த்தேன். இளம் பாடகர்களுக்கு வைப்ராட்டோ விநாடிக்கு ஐந்தரை, ஆறு அலை என்று ஓடும். வயதாக ஆக அது மெதுவாகும், அகலமும் கூடும். அவருக்கு இப்போது ஐந்துக்கும் கீழே. சில மென்பொருள்களில் இந்த வேகத்தையே மாற்றும் வசதி இருக்கிறது. தொடவில்லை. டேக்குகளை வரிவரியாக வெட்டி ஒட்டவும் இல்லை; ஒரு சரணம் என்றால் அந்தச் சரணம் முழுவதும் ஒரே டேக்கிலிருந்து. வெட்டி ஒட்டுவது குற்றம் என்று நான் நினைக்கவில்லை, தினமும் செய்யும் வேலை அது. ஆனால் இங்கே முதல் வரியின் மூச்சு நாலாவது வரிக்குக் கடன்பட்டிருப்பது கேட்க வேண்டும்.

சுருதி திருத்தும் மென்பொருளை ஒரே ஓர் இடத்தில் முழு வேகத்தில் பயன்படுத்தினேன். "சுவரில் இருந்த முகம்தானே அது" என்ற வரியில், பின்னால் நிற்கும் அடுக்குக் குரல்களில் மட்டும். போஸ்டரில் இருந்த முகத்துக்கு ஒரு குரல் இருந்தால் அது எப்படி இருக்கும்? சுருக்கமே இல்லாமல், படிக்கட்டு மாதிரி சுரத்துக்குச் சுரம் சட்டென்று தாவிக்கொண்டு. ஆட்டோ-ட்யூனில் ரீட்யூன் வேகம் என்ற அளவை, அதாவது திருத்த எடுக்கும் நேரத்தை, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனால் அதுதான் கிடைக்கும். எண்ணெய் தேடும் நில அதிர்வு ஆய்வுகளில் சமிக்ஞைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் 1997-இல் கொண்டுவந்த மென்பொருள் அது. யாருக்கும் தெரியாமல் திருத்தத்தான் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் பாடகி செர் தன் பில்லீவ் பாட்டில் அதை எல்லாருக்கும் கேட்கும்படி முடுக்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 52. அதுவும் ஒரு மறுவருகைதான். கருவியை ஒளித்து வைக்காமல் முன்னால் நிறுத்தினால் அது ஏமாற்று வேலை ஆகாது, ஒரு பாத்திரமாகிவிடும் என்பதை அந்தப் பாட்டிலிருந்தே எடுத்துக்கொண்டேன். முன்குரல் திருத்தம் இல்லாமலும் பின்குரல்கள் முழுத் திருத்தத்தோடும் ஒரே வரியைப் பாடும்போது இரண்டும் லேசாக உரசுகின்றன. அந்த உரசலைச் சமன் செய்யாமல் விட்டிருக்கிறேன்.

இனி மூன்றாவது கேள்வி. காதில் என்ன கேட்டது?

"என் குரல் கேட்கும். க்ளிக் கேட்கும். ஒருத்தன் 'பல்லவி, ரெண்டு, மூணு, நாலு'ன்னு சொல்வான். கூட்டம் கேட்காது. கேட்கணும்னா மானிட்டர் தம்பிகிட்ட கையைத் தூக்கிக் காட்டுவேன், கொஞ்சம் கூட்டம் ஏத்துன்னு. ஏத்துவான்."

இதன் தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. க்ளிக் என்பது தாளம் பிடிக்க உதவும் டிக் டிக் ஒலி; மானிட்டர் என்பது பாடகருக்கு அவர் குரலையே திரும்பக் கேட்கச் செய்யும் ஏற்பாடு. பெரிய மைதானத்தில் நின்று பாடுகிறவருக்கு எதிரிலிருக்கும் பார்வையாளர் மாடம் 60 மீட்டர் தள்ளி இருந்தால், ஒலி போய் மோதித் திரும்ப 120 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். ஆக, தன் குரலே மூன்றில் ஒரு விநாடி தாமதமாக வந்து காதில் விழும். அதைக் கேட்டுக்கொண்டே தாளத்தில் நிற்பது பெரும்பாடு. முன்பு தரையில் சாய்த்து வைத்த வெட்ஜ் ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிச் சமாளித்தார்கள், காது போனது. பிறகு காதுக்குள்ளேயே பொருத்தும் இன்-இயர் மானிட்டர் வந்தது. 1990களின் நடுவில் ஜெர்ரி ஹார்வி என்ற மானிட்டர் இன்ஜினியர், வான் ஹேலன் குழுவின் ட்ரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக இரண்டு ட்ரைவர் (ஒலி எழுப்பும் சிறு பாகம்) கொண்ட ஒன்றைச் செய்தார்; அதிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது. காதுத் துளையில் இறுக்கமாக உட்கார்ந்து வெளிச் சத்தத்தை அடைத்துவிடும். பாடகருக்கு நிம்மதி. ஆனால் எதிரில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே அடியில் காணாமல் போகிறார்கள். அதனால் மேடையோரத்தில் கூட்டத்தைப் பார்த்து மைக் வைத்து, அந்த ஒலியை ஒரு ஃபேடர் (அளவை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) வழியாகப் பாடகரின் காதுக்கு அனுப்புகிறார்கள். கூட்டம் எவ்வளவு பெரியதாகக் கேட்க வேண்டும் என்பதை மேடைக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் விரல் தீர்மானிக்கிறது.

நாம் எல்லாரும் அந்தப் புகழை வெளியிலிருந்து கேட்டவர்கள். உள்ளிருந்து அது எப்படிக் கேட்டது என்று எனக்கு இதுவரை யாரும் கேட்கத் தந்ததில்லை. பாட்டின் பிரிட்ஜ், அதாவது சரணத்திலிருந்தும் பல்லவியிலிருந்தும் வேறுபட்ட இடைப்பகுதி, முழுவதையும் அவருடைய காதுக்குள் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எட்டு தாளவட்டம், சுமார் 25 விநாடி. அதற்குள் க்ளிக், வழிகாட்டும் குரல், அடைத்த காதுக்குள் கேட்கும் அவருடைய சொந்தக் குரல், ஃபேடரில் ஏறி இறங்கும் கூட்டம். இசைக்கருவி எதுவும் இல்லை.

அடைத்த காதுக்குள் நம் குரல் எப்படிக் கேட்கும் என்பதை நீங்களே இப்போது பார்க்கலாம். இரண்டு காதையும் விரலால் அழுத்தி மூடிக்கொண்டு முனகுங்கள். மண்டை முழுக்க முழங்கும். எலும்பு வழியே வரும் கீழ் அதிர்வுகள் திறந்த காதில் வெளியே போய்விடும்; அடைத்தால் துளைக்குள்ளேயே தங்கிப் பெருகும். முதலில் ஈக்யூவில், அதாவது மேல், கீழ் அதிர்வுகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில், மேலே வெட்டிக் கீழே ஏற்றிச் செய்து பார்த்தேன். பழைய தொலைபேசி விளைவு மாதிரி, எங்கேயோ கேட்ட தந்திரம் மாதிரிதான் வந்தது. நிஜமாகவே அங்கே ஒரு மைக் வைத்துவிடலாம் என்று அதன் பிறகு தோன்றியது.

செய்த விதம் இது. 4 மில்லிமீட்டர் எலெக்ட்ரெட் காப்ஸ்யூல், அதாவது மிகச் சிறிய மைக், ஒன்று. மெல்லிய ஷீல்ட் வயர். தூக்கிப்போடும் நுரைக் காதடைப்பான் ஒன்றை எடுத்து, சூடான ஊசியால் நடுவே துளைத்து, காப்ஸ்யூலின் முகம் காதின் உட்பக்கம் பார்க்க, நுரையின் முனைக்கு வெளியே நீட்டாமல் பதித்தேன். காதுக்குள் போகும் பொருள் என்பதால் பசை எதுவும் முன்பகுதியில் படக் கூடாது. வயர் வெளியேறும் பின்பக்கம் மட்டும் சிலிகான் வைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே பயன்படுத்தினோம். அவரே தன் கையால் பொருத்திக்கொண்டார், ஆழமாகத் தள்ளாமல். வலது காதில் இது, இடது காதில் அவருடைய வழக்கமான இன்-இயர்.

முதலில் கையடக்க ரெக்கார்டர் மைக்குக்குத் தானே தரும் மின்சாரத்தில், ப்ளக்-இன் பவரில், நேராகச் செருகினேன். மெதுவாகப் பாடும்போது சரி. கொஞ்சம் எழும்பியதும் ஒலி சிதைந்தது. ரெக்கார்டரில் கெயினை இறக்கினாலும் சிதைவு அப்படியே இருந்தது. அது காப்ஸ்யூலுக்குள் இருக்கும் சின்ன எஃப்.இ.டி. டிரான்சிஸ்டரிலேயே நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அடைத்த துளைக்குள் பாடும் குரலின் அழுத்தம் அவ்வளவு. ப்ளக்-இன் பவர் மூன்று வோல்ட் அளவில்தான் தருகிறது. அதற்குப் பதிலாக 9 வோல்ட் பேட்டரி, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு கப்ளிங் கபாசிட்டர் என்று சின்னச் சுற்று ஒன்று சால்டர் செய்து, அதிலிருந்து லைன் உள்ளீட்டுக்குக் கொடுத்ததும் குரல் சிதையாமல் எழும்பத் தேவையான இடம் கிடைத்தது. உங்கள் காப்ஸ்யூல் 9 வோல்ட்டைத் தாங்குமா என்று அதன் விவரத்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை 10 வரை தாங்கும்.

பதிவில் கிடைத்தது எந்த மென்பொருள் ப்ளக்-இன்னாலும் கிடைக்காத ஒலி. மெய்யெழுத்துகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. உயிரெழுத்துகள் மட்டும் பெரிய பாத்திரத்துக்குள் உருள்வது போல் உருண்டன. தாடை அசைவது கேட்டது. வரிக்கு நடுவே அவர் எச்சில் விழுங்கியது இடி மாதிரி விழுந்தது, அதை எடுக்கவில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியது தவிர அந்த ட்ராக்கில் வேறெதுவும் செய்யவில்லை. சொல் புரிய வேண்டுமே என்பதற்காக எஸ்.எம். 7பி ட்ராக்கின் மேல்பகுதியை மட்டும், 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், மிகத் தாழ்வாகச் சேர்த்தேன். அவர் கேட்டுவிட்டு, "இதேதான், இப்படித்தான் இருக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதும்.

வழிகாட்டும் குரலுக்கு யாரையாவது நடிக்க வைக்கலாமா என்று யோசித்தோம். கடைசியில் மானிட்டர் வேலை பார்த்துப் பழகிய ஒருவரே பேசினார். நடிப்பே இல்லாத, அலுவல் குரல். க்ளிக் ஒலி பாட்டின் சுருதிக்கு ஒட்டாத உயரத்தில், உலர்வாக. இனிமையாக்கினால் அது தாளவாத்தியமாகிவிடும்.

கூட்டம்தான் அதிக நேரம் தின்றது. ஒலித்தொகுப்புகளில் கிடைக்கும் கைதட்டல்கள் எல்லாமே அளவுக்கு மீறி மகிழ்ச்சியாக இருக்கின்றன. இது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் ஓபராவில் காசு வாங்கிக்கொண்டு கைதட்டும் கூட்டமே இருந்தது. அதன் தலைவர் எந்த இடத்தில் எவ்வளவு தட்ட வேண்டும் என்று ஒத்திகையின்போதே குறித்துக்கொள்வார். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக சார்லஸ் டக்ளஸ் செய்த பெட்டியில் விசையைத் தட்டினால் சிரிப்பு வரும், கைதட்டல் வரும். புகழின் ஒலி நீண்டகாலமாகவே விசைப்பலகையில்தான் இருக்கிறது.

நண்பர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு சிறு கூட்டத்தைப் பெரிய கூடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு டேக்குக்கும் இடம் மாற்றி நிற்க வைத்துப் பதிவு செய்து, ட்ராக்குகளைச் சில விநாடிகள் முன்பின்னாக நகர்த்தி அடுக்கினேன். ஆட்கள் குறைவாக இருந்தால் தனித்தனிக் கைகள் துருத்திக்கொண்டு தெரியும். ஒரு ட்ராக்கில் கை நனைத்துத் தட்ட வைத்து, இன்னொன்றில் உள்ளங்கையைக் குழித்துத் தட்ட வைத்தால் ஒரே கைகள் திரும்ப வருவது மறைகிறது. தாளத்தோடு சேர்ந்து தட்டும் பகுதியில் ஒரு நுட்பம் உண்டு. 2000-இல் நேச்சர் இதழில் நேடா குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இரைச்சலான கைதட்டல் ஒத்திசைவாக மாறும்போது ஒவ்வொருவரும் தட்டும் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கிக்கொள்கிறார்கள் என்றும், அதனால் மொத்தச் சத்தத்தின் சராசரி குறைகிறது என்றும் காட்டியது. கூட்டம் ஒன்றுபடும் கணத்தில் சத்தம் இறங்குகிறது! ஆகவே ஒத்திசைவு தொடங்கும் இடத்தில் அளவைக் கூட்டாமல், சற்றே இறக்கினேன். உடனே நிஜமான கூட்டமாகக் கேட்டது.

இந்தக் கூட்டத்தை நேராகப் பாட்டில் வைக்கவில்லை. மைதானத் தாமதமாக 350 மில்லி விநாடி எதிரொலி சேர்த்தேன். நம் பாட்டின் எட்டில் ஒரு பங்குச் சுரம், அதாவது அரை அடி, 395 மில்லி விநாடி. எதிரொலி அதற்கு முன்னாலேயே இடறி விழும். ப்ளக்-இன்னில் ஒரு பொத்தானை அழுத்தினால் டிலே தாளத்தோடு பொருந்திவிடும், அழகாகவும் இருக்கும். மைதானம் யாருடைய தாளத்துக்கும் பொருந்தாது, அதனால் அழுத்தவில்லை. பிறகு முழுவதையும் சிறிய ஸ்டீரியோ அகலத்துக்குள் சுருக்கி, கம்ப்ரஸரில் லேசாக நசுக்கி, ஃபேடரைக் கையாலேயே ஏற்றி இறக்கிப் பதிவு செய்தேன். கணினியில் ஆட்டோமேஷன் கோடு வரைந்தால் மிக வழவழப்பாக வருகிறது. விரல் ஏற்றும்போது சற்றுத் தாமதம் இருக்கும், கொஞ்சம் அதிகமாக ஏறிவிட்டுத் திரும்ப இறங்கும். ஏற்றியவர் கூடத்தில் இருந்த பாடகியேதான். யாருக்கோ கையைத் தூக்கிக் காட்டிப் பழகியவர், இந்த முறை தானே ஏற்றினார், தானே இறக்கினார்.

மிக்சிங்கில் பெரிய புதுமை இல்லை. முதல் சரணம் ஒரு குரல், ஒரு கிட்டார், ரீவெர்ப் அறவே இல்லை. பல்லவியில் ப்ளேட் ரீவெர்ப், டபுளிங், ட்ரம்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கின்றன. அந்தப் பளபளப்பு அழகாகவே இருக்க வேண்டும் என்று அக்கறை எடுத்துக்கொண்டேன். மாயையை அசிங்கமாகக் காட்டினால் அதில் ஏன் இத்தனை பேர் விழுந்தார்கள் என்பது புரியாது. அவரும் அதை வெறுத்துப் பாடவில்லை.

செல்போன் ஸ்பீக்கரில் பிரிட்ஜ் காணாமல் போனது. அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் கீழ்ச்சுரங்களைத் தருவதே இல்லை, காதுக்குள் எடுத்த குரலோ பெரும்பாலும் அங்கேதான் வாழ்கிறது. அந்த ட்ராக்கின் நகல் ஒன்றில் டேப் சாச்சுரேஷன் போட்டு அடிச்சுரத்தின் மடங்குகளான மேல் ஸ்வரக்கிளைகளை உண்டாக்கி, அசலுக்கு அடியில் கலந்தேன். அடிச்சுரம் இல்லாவிட்டாலும் அதன் கிளைகள் கேட்டால் மூளை அடிச்சுரத்தைத் தானே போட்டுக்கொள்ளும். ஹெட்ஃபோனில் இந்த நகல் தெரியாது, போனில் இது மட்டுமே தெரியும்.

மாஸ்டரில், அதாவது வெளியீட்டுக்கான இறுதிப் பதிவில், மொத்த உரப்பு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) அருகே, உண்மை உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14-க்கும் ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16-க்கும் சமன் செய்துவிடுவதால், அதைத் தாண்டி நசுக்கிச் சத்தமாக்குவதில் கேட்பவருக்கு ஒரு லாபமும் கிடையாது. சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையில் உள்ள உயரம் அப்படியே பிழைத்தது.

இப்போது மேடைப் பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே பிரிட்ஜில் வழக்கமாக அவர் காதுக்கு மட்டும் போகும் க்ளிக்கும் வழிகாட்டும் குரலும் அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கர்களுக்கும் போக வேண்டும். அந்த எட்டு தாளவட்டம் முடிந்த கணத்தில் அறுபட வேண்டும். ப்ளேபேக் கணினியிலிருந்து க்ளிக்கை இரண்டு தனி வெளியீடுகளாகப் பிரித்து, ஒன்றை மானிட்டர் மேசைக்கும் மற்றொன்றை அரங்கத்துக்கான ஒலியைக் கவனிக்கும் முன்மேசைக்கும் அனுப்புகிறோம். முன்மேசைக்குப் போகும் வழியின் மியூட்டை இன்ஜினியரின் நினைவுக்கு விடாமல், பாட்டோடு ஓடும் நேரக்குறியான டைம்கோடிலேயே கட்டிவைத்திருக்கிறேன். கூட்ட மைக்குகளின் ஃபேடரை மட்டும் ஒரு சின்ன மிதிபலகையில் இணைத்து அவர் காலடியில், ஊர்ப் பெயர் ஒட்டிய தாளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். மிதிபலகையின் வயர் டேப் குறிகளின் மேல் போகாதபடி வழி பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது.